மாதையனின் வெங்கச்சங்கல்

கிருஷ்ணகிரி

அன்புள்ள முருகேசா,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டுவாய், திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். சரோஜா அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

விஷயம் உன் மச்சான் மாதையன். மாந்தோப்பை விற்றுவிட்டு வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு கரட்டை வாங்கப் போகிறானாம். அங்கே பொறுக்கிய வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) ஒன்று பச்சையும் மஞ்சளுமாக மின்னுகிறது. அதை நகைக்கடை எக்ஸ்ரே மெஷினில் வைத்து, தங்கம் 0.11 சதவீதம், கூடவே வெள்ளி, செம்பு என்று சீட்டு வாங்கி வைத்திருக்கிறான்.

அந்த எண்ணை முதலில் பார். 0.11 சதவீதம் என்றால் டன்னுக்கு 1,100 கிராம்! 1880இலிருந்து 2001 வரை ஓடிய கோலார் சுரங்கத்துக்கே மொத்தச் சராசரி டன்னுக்குச் சுமார் 16 கிராம்தான். அந்த மெஷின் நகைக்காகச் செய்தது. கல்லில் பெரும்பங்கான ஆக்சிஜன் அதற்குத் தெரியாது, சிலிக்கானும் சரியாகப் பிடிபடாது. கண்ணில் பட்ட உலோகங்களை மட்டும் கூட்டி நூறாக்கிவிடும். மெஷின் ஒவ்வொரு உலோகத்தையும் அதன் எக்ஸ்ரே கோட்டை வைத்துத்தான் அடையாளம் காணும். போதாக்குறைக்குத் துத்தநாகம், டங்ஸ்டன் இரண்டின் கோடுகளும் தங்கத்தின் 9.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோட்டை ஒட்டியே விழும். அதனால் இல்லாத தங்கமும் சீட்டில் ஏறும்.

அந்தப் பக்கம் தங்கமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. கோலார் தங்கம் இருக்கிற பாறைப் பட்டை வடக்கு தெற்காக ஓடி, குப்பம் வட்டாரத்தைத் தாண்டி, நம் மகாராஜகடைப் பக்கம் இறங்குவது உண்மைதான். ஆம்பிபோலைட் என்ற கரும்பாறையை வெட்டிக்கொண்டு போகும் வெங்கச்சங்கல் நரம்பில், சல்பைடுகளோடு, அதாவது கந்தகம் சேர்ந்த உலோகக் கனிமங்களோடு, தங்கம் இருக்கலாம். இருக்கிறதா, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கல்லை வீட்டிலேயே சோதிக்கலாம். பச்சை அனேகமாக மாலகைட் என்ற செம்புக் கனிமம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். அந்த ஈரத்தில் துருவில்லாத இரும்பு ஆணியைத் தேய்த்தால் சிவப்பாகச் செம்பு படியும். மஞ்சளை லென்ஸ் வைத்துப் பார்த்து ஊசியால் அழுத்தச் சொல். தங்கம் பள்ளம் விழும், செம்பும் இரும்பும் சேர்ந்த சல்பைடான சால்கோபைரைட் நொறுங்கும், இரும்புச் சல்பைடான பைரைட்டில் கத்தியே ஏறாது. நகத்தில் ஏடு ஏடாக உரிந்தால் காக்காப்பொன். பூச்சில்லாத ஓட்டில் உரசினாலும் தெரியும்: தங்கம் மஞ்சள் கோடு போடும், சால்கோபைரைட் கரும்பச்சை.

மேலே பச்சை தெரிகிறது என்று கீழேயும் அதே அளவு இருக்காது. சல்பைடு மக்கும்போது செம்பு தண்ணீரோடு கரைந்து நகரும். தங்கம் பெரும்பாலும் செம்பழுப்புத் துருக்கல்லில் தங்கிவிடும். மேல்தட்டில் கூடுதலாக இருந்து ஆழத்தில் குறைவது சகஜம்.

உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், மின்னுகிற கல்லைப் பொறுக்கக் கூடாது. நரம்புக்குக் குறுக்கே 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் போல வெட்ட வேண்டும். ஒரு மீட்டருக்குப் பதின்மூன்று கிலோ வரும். இரு பக்கத்துச் சுவர்ப் பாறையைத் தனித்தனிப் பையில் போட வேண்டும். முழுவதையும் 2 மி.மீ.க்கு உடைத்து, கூறு பிரித்து, ஒரு கிலோவையாவது 75 மைக்ரானுக்கு அரைத்து, ஃபயர் அஸ்ஸே என்ற உருக்கிப் பார்க்கும் சோதனை கேட்க வேண்டும். ஈயத்தோடு உருக்கி, ஈயத்தைக் கிண்ணம் உறிஞ்சிய பிறகு மிஞ்சும் மணியில் வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, நிற்கும் தங்கத்தை எடை போடுவார்கள். ஒரே சோதனையை நம்ப முடியாது. சோதனைக்குப் போவது 30 கிராம் பொடி, அதில் 0.2 மி.மீ. தங்கத் துகள் ஒன்று, நைஸ் ரவையைவிடச் சின்னது, விழுந்தாலே டன்னுக்கு 2.7 கிராம் என்று காட்டும். விழாவிட்டால் பூஜ்யம். வெள்ளி தங்கத்தைவிட ரொம்பக் கூடுதலாக வந்தால் ஈயத்தையும் அளக்கச் சொல். வெள்ளி, கலீனா என்ற ஈயக் கனிமத்தில் இருக்கலாம்.

இத்தனையும் தேறினாலும் அவனால் தோண்ட முடியாது. 1957ஆம் ஆண்டுச் சுரங்க, கனிமச் சட்டப்படி குத்தகை வேண்டும். 2015 திருத்தத்துக்குப் பிறகு தங்கத்துக்கு ஏலம்தான். பட்டா கையில் இருந்தால் போதாது.

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கிறானாம். நான் போனால் சண்டையில்தான் முடியும். நீ வியாழனுக்குள் போய்ப் பேசு. கல்லையும் சீட்டையும் வாங்கி வை, ஞாயிறு வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
சின்னசாமி