குருஷேவின் கடிதத்தைத் தமிழில் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

உலக அமைதி பற்றி உங்கள் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மாநாடு, ஒப்பந்தம், ஐ.நா. தீர்மானம் எல்லாம் வந்திருக்கிறது, தலைவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. தந்தி ஆபீஸில் 31 வருடம் வேலை பார்த்தவனுக்கு அது உறுத்தியது.

1961 ஆகஸ்டில் பெர்லினில் சுவர் எழும்பி, எப்போது எது வெடிக்குமோ என்றிருந்த நேரம். செப்டம்பர் 29-ம் தேதி, கருங்கடல் கரையில் ஓய்வில் இருந்த சோவியத் யூனியன் தலைவர் குருஷேவ், அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு நீளமாக ஒரு சொந்தக் கடிதம் எழுதினார். அது தூதரகம் வழியாகப் போகவில்லை. ஒரு ரஷ்யர் அதைச் செய்தித்தாளுக்குள் மடித்து எடுத்துக்கொண்டு போய் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் கென்னடியின் பத்திரிகைச் செயலரிடம் கொடுத்தார். கடவுளே இல்லை என்கிற கம்யூனிஸ்ட் தலைவர் அதில் எடுத்த உதாரணம் நோவாவின் பேழை! அதில் சுத்தமான மிருகமும் இருந்தது, அசுத்தமான மிருகமும் இருந்தது, யார் எது என்று சண்டை போடலாம், ஆனால் பேழை மிதக்க வேண்டும் என்பது எல்லாருடைய கவலையும்தானே என்று எழுதினார். அந்த உதாரணம் ரொம்பப் பிடித்தது என்று கென்னடி அக்டோபர் 16-ல் பதில் போட்டார்.

சரி, அப்புறம்? அதே மாதம் 30-ம் தேதி சோவியத் யூனியன் 50 மெகாடன் குண்டை வெடித்துப் பார்த்தது. 1962 செப்டம்பர் கடைசியில் நம் ராஜாஜி, 83 வயதில், வெள்ளை மாளிகை வரை போய் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கென்னடியிடம் நேரில் கேட்டுவிட்டு வந்தார். அடுத்த மாதமே அமெரிக்காவுக்குப் பக்கத்தில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள். கடிதம் எழுதி என்ன கண்டார்கள் என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது, அந்த அக்டோபர் 26-ம் தேதிக் கடிதத்தைப் படிக்கிற வரை.

மேடையில் முஷ்டியை உயர்த்திய அதே குருஷேவ்தான் எழுதுகிறார். நான் இரண்டு போர்களில் இருந்தவன், ஊர் ஊராகப் புரட்டிப்போட்டு சாவை விதைத்த பிறகுதான் போர் ஓயும் என்று எனக்குத் தெரியும் என்கிறார். நாம் இருவரும் ஒரு கயிற்றின் இரண்டு முனைகளைப் பிடித்திருக்கிறோம், நடுவில் போர் என்ற முடிச்சு இருக்கிறது, இழுக்க இழுக்க அது இறுகும், கடைசியில் கட்டியவனாலேயே அவிழ்க்க முடியாமல் வெட்டத்தான் வேண்டிவரும், அதற்கு முன் கயிற்றைத் தளர்த்துவோம், முடிச்சையும் அவிழ்ப்போம் என்கிறார். மறுநாள் மாஸ்கோ ரேடியோ உலகத்துக்கே வாசித்த இரண்டாவது கடிதம் கறாராக இருந்தது. அன்றே கியூபாவுக்கு மேலே அமெரிக்க உளவு விமானம் சுடப்பட்டு விமானி இறந்துபோனார். அந்த நிலையிலும் கென்னடி முதல் கடிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பதில் எழுதினார். துருக்கியிலிருந்து அமெரிக்க ஏவுகணைகளை எடுக்கும் பேரம் கென்னடியின் தம்பி ராபர்ட் மூலமாக ரகசியமாக நடந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பேசலாம் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது, ஒரே ஒருவர் படிப்பதற்காக எழுதிய அந்த முதல் கடிதம்தான் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் கடிதம் முழுதாக வாஷிங்டன் போய்ச் சேர ஏறக்குறைய 12 மணி நேரம் ஆனது. வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் டொப்ரினின் தன் அவசரச் செய்திகளை வாங்கிப்போக சைக்கிளில் வரும் தந்திப் பையனைத்தான் நம்பியிருந்தார். உலகத்தின் உயிர் அந்த சைக்கிள் கேரியரில்! இதனால்தான் 1963-ல் இரண்டு தலைநகரங்களுக்கும் இடையே ஹாட்லைன் என்ற நேரடி இணைப்பு வந்தது. சினிமாவில் காட்டுகிற சிவப்பு டெலிபோன் அல்ல அது, இங்கே தட்டினால் அங்கே காகிதத்தில் அச்சாகும் டெலிபிரின்டர். வாயால் பேசினால் வார்த்தை தவறும் என்று எழுத்தாகவே வைத்தார்கள். அதில் முதலில் அடித்துப் பார்த்தது பழுப்பு நரி சோம்பேறி நாயைத் தாண்டியது என்ற, ஆங்கில எழுத்துகள் அத்தனையும் வரும் வரி. எங்கள் ஆபீஸில் தினமும் காலையில் லைன் சோதிக்க நாங்கள் அடித்ததும் அதேதான், இதைப் படித்த அன்று எனக்குக் கை சிலிர்த்தது.

கோபத்தோடு எழுதிக்கொண்டு வந்த தந்தி ஃபாரத்தை கவுண்டரில் நீட்டுவார்கள். வார்த்தைக்கு இவ்வளவு என்று நான் எண்ண ஆரம்பித்ததும், கொடுங்க சார் என்று திரும்ப வாங்கி ஒவ்வொன்றாக அடிப்பார்கள். மகனைத் தலைமுழுகிவிட்டதாக எழுதியிருந்த ஒரு பெரியவர், அடித்து அடித்துக் கடைசியில் 'புறப்பட்டு வா' என்று மட்டும் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்தவன் நான். இன்றைக்கு அணுகுண்டு வைத்திருக்கிற தலைவர்கள் நினைத்த மாத்திரத்தில் கைபேசியில் மிரட்டல் எழுதி ஊருக்கே போடுகிறார்கள், எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். கென்னடி, குருஷேவ் கடிதங்களை அமெரிக்க வெளியுறவுத் துறையே புத்தகமாகப் போட்டிருக்கிறது. அக்டோபர் 26 கடிதத்தை மட்டுமாவது சுருக்காமல் மொழிபெயர்த்து வெளியிடுங்கள். ஒரு முழுப் பக்கம் பிடிக்கும், ஒரு நாள் விளம்பரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்,
திருநெல்வேலி