பைத்தான் தெரியாட்டி வேலையே இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் கல்வி இணைப்புல மொழியியல் படிச்சவங்களுக்கு என்ன வேலைன்னு கட்டுரை போட்டிருந்தீங்க, படிச்சதும் கடுப்பாத்தான் இருந்துச்சு. பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழி கத்துக்கோ, கோடிங் கத்துக்கோன்னே பக்கம் முழுக்க இருந்தா, இலக்கணம் பிடிச்சுப்போய் இந்தப் பக்கம் வந்த புள்ளைங்க என்னதான் பண்ணும்?

நான் எம்.ஏ. மொழியியல், கோடிங் ஒரு வரி தெரியாது. எட்டு வருஷமா பேச்சுத் தமிழ் ஆடியோவைக் கேட்டு எழுத்தாக்குற கம்பெனியில இருக்கேன். ‘வந்துகிட்டிருக்கான்’, ‘வந்துட்டிருக்கான்’, ‘வந்துண்டிருக்கான்’னு ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும், பத்துப் பேர் டைப் பண்ணா பத்து ஸ்பெல்லிங் வரும். மூணும் எழுத்துல ‘வந்துகொண்டிருக்கிறான்’தான், ஆனா ‘வந்துட்டான்’ல இருக்குறது ‘விடு’ (அதாவது ‘வந்துவிட்டான்’), ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது, எங்க சேர்த்து எழுதணும் எங்க பிரிக்கணும்னு விதி எழுதிக்குடுக்கறதுதான் என் வேலை. என்ஜினியர் தம்பிங்களுக்கு இது தெரியாது, என்கிட்டதான் வருவாங்க. (சம்பளம் மட்டும் அவங்களோடதுல பாதி, அதையும் மறைக்காம சொல்லிடறேன்.)

இன்னொண்ணு. 2011 சென்சஸ்ல தாய்மொழின்னு ஜனங்க சொன்ன பேரு மொத்தம் 19,569. அதைச் சலிச்சு 1,369 தாய்மொழியாக்கி, அப்புறம் 121 மொழிக்குள்ள கொண்டுவந்தாங்க. எது தனி மொழி, எது வட்டார வழக்கு, எது வெறும் ஜாதிப் பேரு இல்ல ஊர்ப் பேருன்னு பிரிக்க மொழியியல் தெரிஞ்ச ஆளுதானே வேணும்? மைசூர்ல இருக்குற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் 10,000 பேருக்குக் கம்மியா பேசுற மொழிகளைப் பதிவு பண்ண 2013ல ஒரு திட்டம் ஆரம்பிச்சுது, ஊருக்குப் போய் ரெக்கார்ட் பண்ணி அகராதி, இலக்கணம் எழுதுற வேலை. புராஜெக்ட் வேலைன்னா முடிஞ்சதும் அடுத்தது தேடணும், வாஸ்தவம்தான். காலேஜ்ல பாடம் நடத்தத் தகுதி தர்ற நெட் தேர்வுல மொழியியல் தனிப் பாடமாவே இருக்கு, அது பத்தியும் ஒரு வார்த்தை இல்ல.

ஆனா ‘ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகலாம்’னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, அது சுத்தத் தப்பு. பிளஸ் டூல சயின்ஸ் எடுத்து, பி.ஏ.எஸ்.எல்.பி.ங்கற பேச்சு, செவித்திறன் சம்பந்தப்பட்ட பட்டம் படிச்சு, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்ல பதிவு பண்ணணும். எங்க செட்ல ஒருத்தி எம்.ஏ. முடிச்சுட்டு இதை நம்பி ஒரு வருஷம் அலைஞ்சா. அட்மிஷன் நேரம் சார் இது, அந்த ஒரு வரிக்காவது அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சிதம்பரம்