தடை விதிக்கும் சட்டம் பணம் கட்டியவரையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையப் பாதுகாப்பு மசோதா 2024 டிசம்பரில் மலேசிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது முதல், பிள்ளைகள் இணையத்தில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பது பற்றி நம் ஏடுகளில் நிறையவே எழுதப்பட்டு வருகிறது. அந்த அக்கறை எனக்கும் உண்டு. பதினாறு வயது மகனைப் பெற்றவன் நான். ஆனால் இந்தப் பேச்சில் ஒருவர் மட்டும் தொடர்ந்து விடுபட்டுப் போகிறார். இணையக் கடையொன்றில் முறைப்படி பணம் கட்டி ஒரு கணினி விளையாட்டை வாங்கிய பயனீட்டாளர்தான் அவர். அரசு அந்த விளையாட்டையோ அந்தக் கடையையோ தடுக்கும்போது அவருடைய பணம் என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை.

2017 செப்டம்பரில் நம் நாட்டில் நடந்ததை வாசகர்கள் சிலர் மறந்திருக்கலாம். 'ஃபைட் ஆஃப் காட்ஸ்' என்ற பெயரில் தைவான் நிறுவனம் ஒன்று உருவாக்கிய சண்டை விளையாட்டு, அந்த மாதத் தொடக்கத்தில், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் விற்பனைக்கு வந்தது. இயேசு, புத்தர், கிரேக்கக் கடவுள் ஸியூஸ் முதலியோர் மோதிக்கொள்ளும் விளையாட்டு அது. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் அதை இங்கே கிடைக்காதபடி செய்ய ஸ்டீமுக்கு 24 மணி நேரம் அவகாசம் கொடுத்தது. அதற்குள் அது நீக்கப்படாததால், செப்டம்பர் 8 ஆம் தேதி அந்த ஒரு விளையாட்டுக்காக ஸ்டீம் கடை முழுவதுமே மலேசியர்களுக்குத் தடுக்கப்பட்டது. பின்னர் அந்த விளையாட்டு மலேசியாவுக்கான விற்பனைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நாளில் கடை திரும்பவும் திறந்தது. தடைக்கான காரணத்தைத் தங்களிடம் யாரும் நேரடியாகத் தெரிவிக்கவில்லை என்று அதன் வெளியீட்டு நிறுவனம் அப்போது சொன்னது.

அந்த விளையாட்டுக்காக வாதாட நான் இதை எழுதவில்லை. பல சமயத்தார் சேர்ந்து வாழும் நாட்டில், ஒருவர் கைகூப்பி வணங்கும் உருவத்தை அடிதடிக்கு இறக்கிவிடுவது மனத்தைப் புண்படுத்தும் என்பதைக் கோயிலுக்குப் போகும் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் உள்ள கடையில் ஒன்று தவறென்றால் அந்த ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாது. அன்று கணக்கில் ரிங்கிட்டைப் போட்டு வைத்திருந்தவர்கள் அதைச் செலவிட முடியாமல் நின்றார்கள். புண்படுத்தும் அந்த விளையாட்டின் பெயரைக்கூடக் கேட்டிராதவர்கள்தாம் அவர்களில் பெரும்பாலோராக இருந்திருப்பார்கள். ஒரு நாளில் தீர்ந்துவிட்டதே என்று இதை ஒதுக்கிவிடவும் என்னால் முடியவில்லை, ஏனென்றால் அது ஒரு மாதமாக நீண்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்பதற்கான ஏற்பாடு எதுவும் அன்று மக்கள் முன் வைக்கப்படவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இத்தகைய கடைகளில் நாம் வாங்குவது பொருளன்று, அதைப் பயன்படுத்துவதற்கான உரிமம் மட்டுமே. ஸ்டீம் 2024 அக்டோபர் முதல் பணம் கட்டும் பக்கத்திலேயே இதை எழுதிக் காட்டுகிறது. வாங்கி 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது அந்தக் கடையின் பொது விதி. பதினைந்தாம் நாளோ ஆறு மாதம் கழித்தோ அரசாணை ஒன்று வந்தால், அந்த விதி நமக்கு உதவாது.

என் வீட்டிலேயே நடந்தது இது. என் மகன் தீபாவளிக்கு அன்பளிப்பாகக் கிடைத்த அங்பாவ் பணத்தில் வேறோர் இணையக் கடையில் ஒரு விளையாட்டை வாங்கினான். மூன்று மாதம் கழித்து அதன் கூடுதல் பாகத்தை வாங்கப் போனபோது, 'இது உங்கள் வட்டாரத்தில் கிடைக்காது' என்ற ஒற்றை வரிதான் வந்தது. கடைக்கு எழுதிக் கேட்டோம். உள்நாட்டுச் சட்டத்துக்கு இணங்க நீக்கியதாகப் பதில் வந்தது. எந்தச் சட்டம், யார் போட்ட ஆணை என்று கேட்டு எழுதிய அடுத்த கடிதத்துக்குப் பதிலே இல்லை. உண்மையிலேயே அரசு ஆணையிட்டதா, அல்லது கடையே அஞ்சி முன்கூட்டி எடுத்துவிட்டதா என்பதை ஒரு பயனீட்டாளர் சரிபார்க்க ஏதேனும் வழி இருக்க வேண்டாமா?

நம்முடைய 1998 ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 3(3) ஆம் பிரிவு, இச்சட்டத்தில் உள்ள எதையும் இணையத் தணிக்கைக்கு அனுமதி அளிப்பதாகப் பொருள் கொள்ளக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 211 ஆம் பிரிவு புண்படுத்தும் உள்ளடக்கத்தைக் குற்றமாக்குகிறது. 263 ஆம் பிரிவோ, குற்றச் செயலுக்குத் தங்கள் வலையமைப்பு பயன்படாமல் தடுக்கும் கடமையை இணையச் சேவை நிறுவனங்களின் மேல் சுமத்துகிறது. இந்த மூன்றும் எப்படி ஒன்றோடொன்று பொருந்தும் என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். பயனீட்டாளராக நான் பார்ப்பது, இவற்றில் பணம் கட்டியவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைத்தான்.

அண்டை நாடான இந்தோனேசியா 2022 ஜூலை இறுதியில், அரசிடம் பதிவு செய்துகொள்ளவில்லை என்ற காரணத்துக்காக ஸ்டீம், எபிக் கேம்ஸ் முதலிய கடைகளோடு, இணையவழிப் பணம் செலுத்த உதவும் பேபால் சேவையையும் தடுத்தது. மக்களின் பணம் உள்ளே சிக்கிக்கொண்டது தெரிந்ததும், அதை எடுத்துக்கொள்வதற்காகவே பேபாலை மட்டும் சில நாள்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவசரத்தில் போட்ட தடைதான். ஆனாலும் பணம் யாருடையது என்பது அந்த அரசுக்கு நினைவு வந்தது. ஜெர்மனியில் 2024 நவம்பர் 15 முதல், வயது மதிப்பீடு பெறாத விளையாட்டுகளை ஸ்டீம் காட்டுவதில்லை. அங்கே கடை மூடப்படவில்லை, விளையாட்டை உருவாக்குவோருக்கு முன்னறிவிப்பும் வயது மதிப்பீட்டுக்கான வினாப் பட்டியலும் தரப்பட்டன.

எல்லாவற்றையும்விட நம் அதிகாரிகள் பார்க்க வேண்டியது ஆஸ்திரேலியாவைத்தான். விளையாட்டுகளைத் தணிக்கை செய்வதில் அந்த நாடு நம்மைவிடக் கண்டிப்பானது. 2009 இல் 'லெஃப்ட் 4 டெட் 2' விளையாட்டுக்கு, விற்பனைக்குத் தேவையான வயது மதிப்பீடு மறுக்கப்பட்டதால், வன்முறை குறைக்கப்பட்ட பதிப்பையே அந்நாட்டவர் வாங்க நேர்ந்தது. பெரியவர்களுக்கான 18 வயது மதிப்பீடு விளையாட்டுகளுக்கு வந்தது 2013 ஜனவரியில்தான். ஆனால் அதே நாட்டின் போட்டி மற்றும் பயனீட்டாளர் ஆணையம், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தது. பணத்தைத் திருப்பிக் கேட்க வாடிக்கையாளருக்கு உள்ள உரிமையைப் பற்றி அந்த நிறுவனம் தவறான எண்ணத்தை உண்டாக்கியது என்பதே வழக்கு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தலைமையகம் இருந்தாலும், ஆஸ்திரேலியருக்கு விற்கும்போது ஆஸ்திரேலியப் பயனீட்டாளர் சட்டம் கட்டுப்படுத்தும் என்று அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் விதித்தது.

வெளிநாட்டுக் கடையை நம்மால் என்ன செய்ய முடியும் என்று நம் அதிகாரிகள் கைவிரிக்க முடியாது. 2020 ஜனவரி 1 முதல், ஆண்டுக்கு 500,000 ரிங்கிட்டுக்கு மேல் இங்கே மின்னியல் சேவைகளை விற்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொண்டு சேவை வரி கட்ட வேண்டும் என்று நம் அரசு விதித்தது. 6 விழுக்காடாக இருந்த அந்த வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாகியுள்ளது. தடுக்க ஆணையிட முடிகிறது, வரி வாங்க முடிகிறது. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும் முடியும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம் என்பது மிக நல்ல ஏற்பாடு, ஆனால் வேறொரு கண்டத்தில் இருக்கும் கடைக்கு அறிவிப்பு அனுப்பித் தீர்ப்பை நிறைவேற்றச் செய்வது ஒரு தனிமனிதரால் ஆகிற காரியமன்று. அதற்கு அரசின் கை வேண்டும்.

ஆகவே உள்நாட்டு வாணிப அமைச்சும் தொடர்பு பல்லூடக ஆணையமும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு விதிமுறையை வகுக்க வேண்டும் என்று தங்கள் ஏட்டின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எந்த விளையாட்டு, எந்தச் சட்டப் பிரிவின்கீழ், எந்தத் தேதியில் தடுக்கப்பட்டது என்பதை ஆணையத்தின் அகப்பக்கத்தில் எவரும் பார்க்கும்படி வெளியிடட்டும். ஏற்கெனவே வாங்கியவருக்கு அதைத் தொடர்ந்து விளையாட உரிமையோ முழுப் பணமோ கிடைக்க வேண்டும் என்பதைக் கடையின் விருப்பத்துக்கு விடாமல் விதியிலேயே எழுதட்டும். ஒரு கடையையே மூடித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், கணக்கில் உள்ள பணத்தை எடுத்துக்கொள்ள முப்பது நாளாவது அவகாசம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பயனீட்டாளர்,
ஈப்போ, பேராக்.