ஆடி மாசத்துக்குக் கணக்குப் போடு, மச்சான்

அன்புள்ள மச்சான்,

அம்மாவுக்கு இன்சுலின் ஆரம்பிச்சிட்டாங்கன்னு சின்னக் கங்காணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்த சொல்லல. அந்தக் கோவத்த நேர்ல வந்து தீர்த்துக்கிறேன். இங்க எல்லாரும் சுகம். மகள் ஏ.எல். பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்ஸ பாத்துக்கிட்டு இருக்கா. அக்காவுக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

கரண்டு கட் ஆனா பிரிட்ஜ் ஓடணும்னு நீ சோலார் போடப்போறதையும் அவன்தான் சொன்னான். கடையில 200 வோட் பேனல் ஒன்னு, கார் பேட்டரி ஒன்னு, 300 வோட் இன்வேர்ட்டர் ஒன்னு போதும்னு எழுதிக் குடுத்திருக்காங்களாமே. போதாது மச்சான். உங்க மஸ்கெலியாவுக்குக் கொஞ்சமும் போதாது. இதுல அவசரப்படாத.

கடைக்காரன் பேனல்ல ஆரம்பிப்பான். நீ பிரிட்ஜ்ல ஆரம்பி. முதுகுல 120 வோட்னு ஒட்டியிருந்தாலும் கம்ப்ரஸர் விட்டு விட்டுத்தான் ஓடும். அதனால 24 மணி நேரத்துல மொத்தம் எத்தன யூனிட் இழுக்குதுன்னுதான் பாக்கணும். அக்கா வீட்டு ஒத்தக் கதவு பிரிட்ஜுக்கு பிளக்குல மாட்டுற சின்ன மீட்டர் வச்சுப் பாத்தேன், 0.8 யூனிட். குளிர் ஊருங்கிறதால இவ்வளவோட நிக்குது, கொழும்பு வெக்கையில இன்னும் இழுக்கும். இன்வேர்ட்டர் திங்கிறதும் இருக்கு. அது சும்மா கெடந்தாலே 10, 15 வோட் குடிக்கும், ராப்பகலா போட்டு வச்சா அதுவே 0.3 யூனிட் பக்கம். பேட்டரி கரண்ட வீட்டுக் கரண்டா மாத்துறதுல இன்னொரு 10 வீதம் போகும். எல்லாம் சேர்த்து நாளுக்கு 1.2 யூனிட்னு வச்சுக்க.

12 வோல்ட், 100 அம்பியர்-அவர் பேட்டரிக்குள்ள இருக்குறதும் (ரெண்டயும் பெருக்கினா 1200 வோட்-அவர்) அதே 1.2 யூனிட்தான். ஆனா லெட் அசிட்னு சொல்ற ஈயப் பேட்டரிய பாதிக்குக் கீழ இறக்கினா சீக்கிரம் செத்துரும். அப்ப கைக்கு வர்றது 0.6, பன்னெண்டு மணி நேரம். லித்தியம் அயர்ன் பொஸ்பேட் (LiFePO4) பேட்டரின்னா அதே அளவுல 1 யூனிட்டுக்கு மேல எடுக்கலாம், இருபது மணி நேரம் தாங்கும். வெல கூடத்தான், ஆனா வருசக்கணக்குல உழைக்கும். கார் பேட்டரி ஸ்டார்ட் அடிக்கிற நேரத்துக்கு மட்டும் செஞ்சது. அத ராத்திரி பூரா இழுத்தா கொஞ்ச நாள்ல தூக்கிப் போடவேண்டியதுதான்.

300 வோட் இன்வேர்ட்டர் கதைய அக்கா வீட்டுலயே காட்டினேன். கம்ப்ரஸர் ‘டக்’குன்னு எழும்பப் பாத்துச்சு, பல்ப் மங்குச்சு, இன்வேர்ட்டர் கீன்னு கத்திட்டு நின்னுருச்சு. ஓடும்போது 120 வோட் எடுக்குறது, கெளம்புற அந்த நொடியில ஆறு ஏழு மடங்கு கேக்கும். அதனால 1000 வோட் வாங்கு, அதுவும் சுத்த சைன் வேவ், அதாவது லைன் கரண்டு மாதிரியே சீரான அலையா குடுக்குறது. மட்டமான வகையில மோட்டார் சூடேறும். 12 வோல்ட்ல அந்த நொடிக்கு 70 அம்பியருக்கு மேல பாயும். அதனால பேட்டரி வயர் தடிப்பா, குட்டையா இருக்கணும், பேட்டரிகிட்டவே பியூஸ் ஒன்னு போடணும். இதுல காசு மிச்சம் பிடிக்காத, நெருப்பு விசயம்.

பேனலுக்கு வர்றேன். எங்க பண்டாரவளைப் பக்கம் ஆடியில காத்தடிக்கும், ஆனா வெயில் காயும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுற காலமே அதுதான். அதே மாசத்துல உங்க பக்கம் தென்மேல் மழை மூடிக்கிட்டு ஊத்தும். அடர்ந்த மூட்டத்துல பேனல் தன் அளவுல 10லிருந்து 25 வீதம்தான் குடுக்கும். மார்ச்சுல 400 வோட் பேனல் ஒன்னு நாளுக்கு ஒன்றரை யூனிட் குடுத்தா, ஆடியில அரை யூனிட்டுன்னு நெனச்சுக்க. மரம் விழுந்து லைன் அறுந்து போறதும் அந்த மழையிலதான். அதனால ஆடிக்குத்தான் கணக்குப் போடணும்: 400 வோட்ல ரெண்டு பேனல், எம்பிபிடி (MPPT) கன்ட்ரோலரோட, அதுதான் பேனல்லருந்து முடிஞ்ச மட்டும் கரண்ட எடுத்து பேட்டரிக்கு ஏத்துறது. கொஞ்சம் தெக்க சரிச்சு, தகரத்துல இல்லாம மரச் சட்டத்துலயே முடுக்கணும். அப்பவும் ஆடியில ஒரு யூனிட்தான் வரும், கொஞ்சம் கொறையும். அதனால லைன் கரண்டுலயும் சார்ஜ் ஏறுற இன்வேர்ட்டரா எடு, கட் விழும்போது பேட்டரி நெறஞ்சிருக்கும்.

உன் மருமகன் சொல்ற மாதிரி லைனோட இணைச்சு கரண்ட லைனுக்கே விக்கிற சோலார் இதுக்கு உதவாது. லைன்ல வேல செய்றவங்களுக்கு ஷொக் அடிக்கக் கூடாதுன்னு, கரண்டு போனா அதுவும் தானா நின்னுரும். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை சப் ஸ்டேஷன்ல குரங்கு பாஞ்சு நாடே இருண்டுச்சுன்னு சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகல்லயும் பேட்டரி இல்லாத கூரையெல்லாம் சும்மாதான் கெடந்துச்சு.

இன்னொன்னு. ஒரு கிலோ ஐஸ் உருகுறதுக்குள்ள 93 வோட்-அவர் வெப்பத்த உறிஞ்சும். அஞ்சு போத்தல்ல தண்ணி ஊத்தி, வாய் வரைக்கும் நெரப்பாம, மேல ஐஸ் பெட்டியில போட்டு வை. பகல்ல சோலார்ல பிரிட்ஜ் ஓடட்டும், ராத்திரி கதவத் தெறக்காம இன்வேர்ட்டர அணைச்சிரு. இன்வேர்ட்டர் திங்கிற அந்த 0.3 யூனிட்லயும் பாதி மிச்சம். குளிரச் சேர்த்து வைக்க பேட்டரிய விட இது எவ்வளவோ மலிவு. புதுசா பிரிட்ஜ் வாங்குற எண்ணம் இருந்தா ஃப்ரொஸ்ட் பிடிக்காத வகைய எடுக்காத. அதுல பேன் நின்னா கீழ குளிர் எறங்காது, உள்ள இருக்குற ஐஸ் உருக்குற ஹீட்டரும் கரண்ட இழுக்கும்.

அம்மாவோட இன்சுலின அந்த ஐஸ் போத்தல்ங்ககிட்ட வச்சிராத. 2லிருந்து 8 டிகிரிதான் கணக்கு, ஒரு தடவ உறைஞ்சிருச்சுன்னா அத ஏத்தக்கூடாது. உடைச்ச மருந்த நம்ம ஊர்க் குளிர்ல வெளியவே பெரும்பாலும் நாலு வாரம் வச்சிருக்கலாம், கிளினிக்குல ஒரு தடவ கேட்டுக்க. உடைக்காததுக்குத்தான் பிரிட்ஜ். டிட்வா புயலப்போ ரோடும் கரண்டும் ஒன்னா போச்சே, இனி அப்படி ஒன்னு வந்தா அம்மா மருந்துக்கு யார் வாசல்லயும் நீ நிக்கக்கூடாது மச்சான். அந்த நெனப்புலதான் இவ்வளவும் எழுதுறேன்.

மீட்டர அக்கா மகன்கிட்ட குடுத்துவிடுறேன், ஞாயிறு ஹட்டன் வரைக்கும் வர்றான், நீ ஸ்டேண்டுக்கு வந்து வாங்கிக்க. ரெண்டு நாள் மாட்டி வச்சு வர்ற யூனிட்ட எனக்கு அனுப்பு. அதுவரைக்கும் அந்தக் கடைக்கு அட்வான்ஸ் குடுக்காத.

அன்புடன்,
பெரிய தொரை