புகைப்படக் கோப்பு சொல்லும் தேதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசிப் படம் எப்போது, எங்கே எடுக்கப்பட்டது என்பதைக் கோப்பின் விவரப் பகுதியைப் பார்த்தாலே உறுதி செய்துவிடலாம் என்று தங்கள் நாளிதழில் அண்மையில் படித்தேன். அவ்வளவு எளிதாக உறுதி செய்ய முடியாது என்பதைச் சுட்டவே இக்கடிதம்.

1995-இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட ‘எக்ஸிஃப்’ முறைப்படி, கேமராவின் மாடல், ஷட்டர் வேகம், தேதி, நேரம் ஆகியவையும், ஜிபிஎஸ் அனுமதிக்கப்பட்டிருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையும் படக்கோப்பிலேயே பதிவாகின்றன. ஆனால் கேமராவின் கடிகாரம் என்ன காட்டுகிறதோ அதுவே தேதியாக எழுதப்படும். என் பழைய கேமராவுக்கு பேட்டரி மாற்றியபோது அதன் கடிகாரம் தொடக்கத் தேதிக்குத் திரும்பியிருந்ததைக் கவனிக்காமல் நான் எடுத்த பேத்தியின் காதணி விழாப் படங்கள், அவள் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடுக்கப்பட்டவையாக இன்றும் கணினியில் வரிசையில் நிற்கின்றன. அந்த நேரம் எந்த நாட்டு நேரம் என்று குறிப்பதற்கான இடமும் 2016-இல்தான் இம்முறையில் சேர்க்கப்பட்டது. இவற்றையெல்லாம் திருத்தி எழுத இலவச மென்பொருள்களே போதும்.

விவரம் இல்லாத படம் போலியானது என்ற முடிவும் தவறு. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பும்போது இத்தகவல்கள் நீங்கிவிடுகின்றன; அதே படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேர்கின்றன. ஆகவே மூலக்கோப்பைக் கேட்டு வாங்காமல், பலர் கை மாறி வந்த பிரதியை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது.

இருப்பிட விவரத்தில் மட்டும் சிக்கல் வேறு வகையானது. அது பல வேளைகளில் தேவைக்கு மேல் துல்லியமாக இருந்துவிடுகிறது. பெலிஸ் நாட்டுக் காவல்துறை விசாரணைக்குத் தேடிவந்த, கணினி வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவரான ஜான் மெக்காஃபி அண்டை நாடான குவாத்தமாலாவில் இருக்கிறார் என்பது, 2012 டிசம்பரில் ஓர் இதழ் தன் இணையதளத்தில் வெளியிட்ட ஐபோன் படத்தில் நீக்கப்படாமல் இருந்த ஜிபிஎஸ் குறிப்பால்தான் வெளிப்பட்டது. தவறு படம் எடுத்த கருவியுடையது அன்று. அதைப் பாராமல் பதிவேற்றியவர்களுடையது.

வாசகர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் குடும்பப் படங்களைத் தாங்களும் இணையப் பதிப்பில் வெளியிட்டு வருகிறீர்கள். பதிவேற்றும் முன் அவற்றிலுள்ள இருப்பிட விவரம் நீக்கப்படுகிறதா என்பதை வாசகர்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மதுரை