பூமிக்குள் யார் போய்ப் பார்த்தார்கள்? பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நடுநிலை வகுப்புகளுக்குப் புவியியலும் அறிவியலும் எழுதித் தரும் பாடநூல் குழுவினருக்கும், அந்நூல்களுக்குப் படம் வரைவோருக்கும், வினாத்தாள் அமைப்போருக்கும் வணக்கம்.

பூமியின் உள்ளமைப்பையும் புவித்தட்டுகளின் நகர்வையும் வகுப்பில் நடத்துகிற ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. குறுக்குவெட்டுப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து முடிப்பதற்குள் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "உள்ளே யார் போய்ப் பார்த்தார்கள், டீச்சர்?" இந்தப் பாடத்தில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது. ஆனால் பாடநூல் அதைக் கண்டுகொள்வதே இல்லை. மேலோடு, கவசம், வெளிக்கரு, உட்கரு என்று பெயர்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடிமனும் ஒரு நிறமும் தந்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறது. பிள்ளைகளும் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். எப்படித் தெரிந்தது என்று மட்டும் கடைசிவரை யாரும் சொல்வதில்லை. அந்தக் கேள்வியைப் பாடத்தின் முதல் வரியாக வைத்து, மற்றதையெல்லாம் அதற்கான பதிலாக எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பதில் எளிமையானது: யாரும் போகவில்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் துளையிடத் தொடங்கினார்கள். 1989-இல் 12,262 மீட்டரை எட்டினார்கள். அடியில் வெப்பம் சுமார் 180 டிகிரி செல்சியஸ்; எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். அதற்கு மேல் இறங்க முடியவில்லை. பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்றும் அந்த இடத்து மேலோட்டில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கடக்க முடிந்தது. இந்த ஒரு பத்தியைப் பாடத்தின் தொடக்கத்தில் போட்டால் போதும், வகுப்பே நிமிர்ந்து உட்காரும். "அப்படியென்றால் கவசம் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று அவர்களே கேட்பார்கள்.

அங்கேதான் கதை தொடங்குகிறது. 1897-இல் அசாமில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதை ஆராய்ந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்டு ஓல்டாம். பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஐரோப்பாவில் இருந்த கருவிகளிலும் அந்த அதிர்வு பதிவாகியிருந்தது. முதலில் ஒரு வகை அலை (முதன்மை அலை), சற்றுத் தாமதமாக இன்னொரு வகை (இரண்டாம் நிலை அலை), கடைசியாகப் பூமியின் மேற்பரப்பைச் சுற்றி வந்தவை என்று அவர் பிரித்துக் காட்டினார். 1906-இல், பூமியை ஊடுருவி மறுபுறம் வந்துசேரும் அலைகள் கணக்குப்படி வரவேண்டிய நேரத்துக்கு வராமல் பிந்துகின்றன என்பதை வைத்து, நடுவில் வேறு தன்மையுள்ள ஒரு கரு இருக்கிறது என்றார். மூன்று ஆண்டுகள் கழித்து, இன்றைய குரோவேஷியாவில் ஒரு நிலநடுக்கம். அந்நாட்டு ஆய்வாளர் ஆந்திரியா மொகோரோவிசிச் அதன் பதிவுகளில் ஒரு விந்தையைக் கண்டார். ஆழமான வழியில் போன அலை, நேர்வழியில் வந்த அலையை முந்திக்கொண்டு தொலைவிலுள்ள நிலையங்களை அடைந்திருந்தது. கீழே அலையை வேகமாகக் கடத்தும் வேறு பாறை இருந்தால்தான் அது நடக்கும். மேலோடு எங்கே முடிகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது.

உட்கருவைக் கண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த நிலநடுக்க ஆய்வாளர் இங்கே லேமன் (Inge Lehmann). 1929-இல் நியூசிலாந்தில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அலைகள், வரவே கூடாத இடங்களில் மெலிதாக வந்திருந்தன. திரவக் கருவுக்குள் எதிலோ பட்டுத் திரும்பியிருந்தால்தான் அவை அங்கே வர முடியும். அலை வந்த நேரங்களைச் சிறு அட்டைகளில் எழுதி, ஓட்ஸ் வந்த காலிப் பெட்டிகளில் அடுக்கிவைத்துக்கொண்டு, தோட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்து கணக்கிட்டவர் அவர். கணினி கிடையாது. 1936-இல் முடிவை வெளியிட்டார். அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். விஞ்ஞானம் என்பது தங்களாலும் செய்யக்கூடிய வேலை என்று அப்போதுதான் அவர்களுக்குப் படுகிறது. பாடநூலிலோ லேமனின் பெயர்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. தட்டுக் கொள்கை பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் புவியியலாளர் எடுவர்டு சூயஸ் பூமியின் அடுக்குகளுக்கு வழங்கிய சியால், சிமா, நைஃப் என்ற பெயர்கள் மட்டும் சில நூல்களில் இன்னும் விடாமல் தொடர்கின்றன. அந்த இடத்தை லேமனுக்குக் கொடுங்கள்.

படம் வரைவோரிடம் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து கவசத்தைக் கொதிக்கும் சிவப்புக் குழம்பாக வரையாதீர்கள். அந்த ஒரு படம் செய்கிற கேட்டைப் பத்து வகுப்புகள் நடத்தினாலும் திருத்த முடிவதில்லை. படத்தைப் பார்க்கும் பிள்ளை, நம் காலடியில் சில கிலோமீட்டர் மெல்லிய ஓடு, அதற்குக் கீழே எரிமலைக் குழம்புக் கடல், அதில் தட்டுகள் மிதக்கின்றன என்றுதான் புரிந்துகொள்கிறது. உண்மை வேறு. கவசம் திடப் பாறை. அதற்குச் சான்று அலைகளே. பாறையைப் பக்கவாட்டில் அசைத்தபடி செல்லும் இரண்டாம் நிலை அலைகள் திரவத்தின் வழியே செல்லாது. வளைத்துவிட்டால் பழைய நிலைக்கு இழுத்துக்கொள்ளும் விறைப்பு திரவத்துக்கு இல்லை. அந்த அலைகள் கவசம் முழுவதையும் கடந்து போகின்றன. சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் வெளிக்கருவைத் தொட்டதும் நின்றுவிடுகின்றன. எது திடம், எது திரவம் என்பதற்கு இவ்வளவு தெளிவான சாட்சியம் இருக்கும்போது, அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு எதிரான படத்தையும் போடுவது எப்படிப் பொருந்தும்? சில எரிமலைகள் மேல் கவசத்தின் துண்டுகளையே வெளியே கொண்டுவந்து போடுகின்றன. ஆலிவின் கனிமம் நிறைந்த அந்தப் பாறையை உடைத்தால் பச்சையாக இருக்கும். அதன் ஒளிப்படம் ஒன்றைப் பாடத்தில் சேர்த்தால்கூடப் பாதிக் குழப்பம் தீரும்.

திடப் பாறை எப்படி நகரும் என்று அடுத்த கேள்வி வரும். வரட்டும். பனியாறு திடப் பனிக்கட்டிதான், ஆனாலும் தன் எடையால் பள்ளத்தாக்கில் மெல்ல மெல்ல இறங்குகிறது. கவசப் பாறையும் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஊர்ந்து நகர்கிறது. அப்படியானால் எரிமலைக் குழம்பு எங்கிருந்து வருகிறது? பூமியின் மையத்திலிருந்து என்று எழுதாத விடைத்தாளே இல்லை. பெரும்பாலும் அது பூமியின் விறைப்பான வெளி அடுக்கான பாறைக்கோளத்தின் அடியிலும் மேல் கவசத்திலும், சில பத்து முதல் 200 கிலோமீட்டர் வரையிலான ஆழத்தில், பாறையின் ஒரு சிறு பகுதி மட்டும் உருகுவதால் உண்டாகிறது. நடுக்கடல் மலைத்தொடர்களில் கவசப் பாறை மேலெழும்போது அழுத்தம் குறைந்து உருகுகிறது. ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் இடங்களில், அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர் மேலேயுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. இதை நான்கு வரியில் எழுதிவிடலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாத சங்கதி இதில் எதுவும் இல்லை.

அளவு இன்னொரு பெரிய சிக்கல். பாடநூல் படங்களில் மேலோடு விரல் அகலத்துக்கு இருக்கிறது. அளவுப்படி வரையப்படவில்லை என்ற குறிப்புகூடப் பல நூல்களில் இல்லை. நான் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். 100 கிலோமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, தரையில் சாக்பீஸால் 64 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போடச் சொல்வேன். ஒரு முனை பூமியின் மேற்பரப்பு, மறுமுனை மையம். மேற்பரப்பிலிருந்து 29 சென்டிமீட்டரில் கவசம் முடிகிறது. ஏறக்குறைய 51 சென்டிமீட்டரில் உட்கரு தொடங்குகிறது. இதுவரை சுலபம். மேலோட்டைக் குறிக்கும்போதுதான் பிள்ளைகள் திண்டாடுவார்கள். கண்ட மேலோடு 35 கிலோமீட்டர் என்றால் மூன்றரை மில்லிமீட்டர். கடலடி மேலோடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சாக்பீஸ் கோட்டின் தடிமனே அதைவிட அதிகம். எவரெஸ்ட் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கோலா துளை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அப்போது அறையில் ஓர் அமைதி நிலவும். பிறகு அதே கோட்டில் ஒரு தட்டின் தடிமனைக் குறிக்கச் சொல்வேன்: ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். "மேலோடு உடைந்த துண்டுகளே தட்டுகள்" என்று பாடநூலில் இருக்கும் வாக்கியம் தவறு என்பது அந்த நொடியில் அவர்களுக்கே தெரிந்துவிடும். மேலோட்டோடு அதன் அடியிலுள்ள கவசத்தின் விறைப்பான மேற்பகுதியும் சேர்ந்ததுதான் தட்டு. அந்த வாக்கியத்தை அடுத்த பதிப்பில் கட்டாயம் திருத்துங்கள்.

தட்டுகளின் பாடத்தில் ஆல்ஃபிரட் வெஜனரைப் பற்றி எழுதுகிறீர்கள், நல்லது. தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பொருந்துகின்றன, ஒரே புதைபடிவங்கள் இரு கரைகளிலும் கிடைக்கின்றன, ஆகவே கண்டங்கள் நகர்ந்தன என்று முடித்துவிடுகிறீர்கள். 1912-இல் அவர் அதைச் சொன்னபோது புவியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதையும், அதற்கு நியாயமான காரணம் இருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். எந்த விசை கண்டங்களை நகர்த்துகிறது என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் போதவில்லை. 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தபோதும் அந்த வழக்கு முடிந்திருக்கவில்லை. சான்று கடலடியிலிருந்து வந்தது.

அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் மேரி தார்ப். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் அவரை ஏற்றவில்லை. மற்றவர்கள் கொண்டுவந்த ஆழ அளவீடுகளை வைத்துக் கரையில் உட்கார்ந்து அட்லாண்டிக் கடலடியை வரைந்தார். 1952 வாக்கில், நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் நெடுக ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவதைக் கண்டார். உடன் பணிபுரிந்த புரூஸ் ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். அதே ஆய்வுக்கூடத்தில் இன்னொருவர் கடலடி நிலநடுக்கங்களின் மையங்களைத் தனியாக ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, நிலநடுக்கப் புள்ளிகள் வரிசையாகத் தார்ப் வரைந்த பள்ளத்தாக்கின்மீதே விழுந்தன. ஹீசன் ஏற்க வேண்டியதாயிற்று. இதை வகுப்பில் அப்படியே செய்து பார்க்கலாம்: ஒரு தாளில் கடலடி, மெல்லிய இன்னொரு தாளில் நிலநடுக்கப் புள்ளிகள். இரண்டையும் பாடநூலே அச்சிட்டுத் தரலாம். ஒன்றின்மேல் ஒன்றை வைக்கும் பிள்ளை, தட்டுகளின் எல்லையைத் தானே கண்டுபிடிக்கும். அந்த எல்லை கடற்கரையோடு ஒட்டிப் போவதில்லை என்பதையும் கூடவே கவனிக்கும். 1963-இல் வைன், மாத்யூஸ் என்ற இரு புவியியலாளர்கள் விளக்கிய காந்தப் பட்டைகள் (கடலடிப் பாறைகளில் காந்தத் திசை மாறி மாறிப் பதிந்த பட்டைகள்), கடலடிப் பாறைகளில் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்டவை மிக அரிது என்ற உண்மை, இன்று செயற்கைக்கோள் உதவியுடன் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்று நேரடியாக அளக்கப்படும் நகர்வு எல்லாம் அதன் பின் வரட்டும். சூடான பாறை மேலேறிக் குளிர்ந்தது கீழிறங்கும் வெப்பச்சலனத்தை வட்ட அம்புகளாக மட்டும் வரைந்து நிறுத்திவிடாமல், குளிர்ந்து கனத்த தட்டு தானே அமிழும்போது பின்னாலிருப்பதையும் இழுத்துக்கொண்டு போகிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இதெல்லாம் நடுநிலை வகுப்புக்கு அதிகம் என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்துக் கடற்கரையில் இருந்த 10 வயது பிரிட்டன் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்கும் விதத்தைப் பார்த்து, சில வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்த சுனாமி இதுதான் என்று பெற்றோரை வற்புறுத்தினாள். அந்தக் கரையிலிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவள் படித்தது பெயர்ப் பட்டியல் அல்ல. ஒன்று நிகழ்ந்தால் அடுத்து எது நிகழும் என்பதை. நிலநடுக்கம் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை யாராலும் முடியாது என்பதையும் பாடத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். ஒவ்வொரு பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகும் அடுத்தது இந்தத் தேதியில் என்று வதந்தி பரவுகிறது. வீட்டில் அதை மறுத்துச் சொல்ல ஒரு பிள்ளையாவது இருக்க வேண்டும்.

வினாத்தாள் அமைப்போருக்கு: நீங்கள் மாறாமல் பாடநூல் மாறிப் பயனில்லை. "பூமியின் ஆரம் ____" என்று கேட்டால் ஆரத்தைத்தான் மனப்பாடம் செய்வார்கள். இப்படிக் கேளுங்கள். நிலநடுக்கத்துக்கு அருகிலுள்ள நிலையங்களில், முதன்மை அலைக்கும் இரண்டாம் நிலை அலைக்கும் இடையிலான நேரத்தை வினாடியில் எடுத்து 8-ஆல் பெருக்கினால், தோராயமாகத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். மூன்று நிலையங்களில் இடைவெளி 20, 35, 50 வினாடிகள். ஒரு வரைபடமும் கவராயமும் கொடுத்து, நிலநடுக்கம் எங்கே நிகழ்ந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 160, 280, 400 கிலோமீட்டர் ஆரமுள்ள மூன்று வட்டங்கள் ஓரிடத்தில் சந்திக்கும். ஐந்து மதிப்பெண்ணுக்கு இதைவிட நேர்மையான வினா எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. புதிய பதிப்பை அச்சுக்கு அனுப்பும் முன், அந்தப் பக்கங்களைச் சில வகுப்புகளில் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் நூலை மூடச் சொல்லிவிட்டு, பூமியின் குறுக்குவெட்டை அவர்களையே வரைந்து, ஒவ்வோர் அடுக்குக்கும் பக்கத்தில் அது எப்படித் தெரிந்தது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எந்த அடுக்குக்குப் பக்கத்தில் வெற்றிடம் விழுகிறதோ அந்தப் பத்தியைத் திரும்ப எழுதுங்கள். இதை எங்கள் வகுப்புகளில் நடத்தி, பிள்ளைகள் வரைந்த தாள்களைத் திரட்டி உங்களுக்கு அனுப்பிவைக்க நானும் என்னைப் போன்ற ஆசிரியர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
நடுநிலை வகுப்பு ஆசிரியை ஒருவர்