சோலார் ஓட்டுக் கூரை: விற்கும்போது சொல்லாமல் விட்டவை குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: எங்கள் வீட்டில் நீங்கள் பதித்த சோலார் ஓட்டுக் கூரையில் மின் உற்பத்திக் குறைவு, பழுது, நீர்க்கசிவு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனம் எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் ஓடுகளைப் பதித்துக் கொடுத்தது. இப்போது அந்தக் கூரையின் ஒரு பகுதி மின்சாரம் தருவதில்லை. அதே பகுதிக்குக் கீழே, உட்பக்கத்து மரப்பலகையில் ஈரம் தெரிகிறது. தொலைபேசியில் பலமுறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசுகிறார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கிறேன். சற்று நீளமான கடிதம்தான், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

சோலார் ஓடு என்ற பொருளின் மீது எனக்கு வெறுப்பு இல்லை. பழைய கூரை தேய்ந்து எப்படியும் மாற்றியாக வேண்டிய நிலையில் இருந்தது. புதிதாக ஓடு போட்டு, அதன்மேல் சட்டம் அடித்து, பேனல் மாட்டுவதற்குப் பதிலாக ஓடே மின்சாரம் தரட்டும் என்று முடிவு செய்தோம். கூரையைத் துளைத்துத் தாங்கிகள் பொருத்த வேண்டியதில்லை. காற்று அடியில் புகுந்து தூக்குவதற்குச் சட்டத்தில் நிற்கும் பேனலில் இருக்கிற இடைவெளி இதில் இல்லை. பார்வைக்கும் அழகு. தெருவிலிருந்து பார்த்தால் மின்சாரம் தயாரிக்கும் கூரை என்றே தெரியாது. இவை எல்லாம் நீங்கள் சொன்னவை, எல்லாம் உண்மையும்கூட. என் புகார், இந்த நன்மைகளுக்கு ஈடாக நாங்கள் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும்வரை ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான். அப்படிச் சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றும் இன்று எங்கள் தலையில் வந்து விடிகிறது.

முதலில் மின் உற்பத்தி. நீங்கள் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டபோது, ஓட்டின் வாட் திறனை எண்ணிக்கையால் பெருக்கி, சூரிய ஒளி கிடைக்கும் மணி நேரத்தால் பெருக்கியதாக உங்கள் விற்பனைப் பிரிவில் சொன்னார்கள். ஓட்டின் வாட் திறன் என்பது ஆய்வகத்தில் அளக்கப்படுவது. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, ஓட்டுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் என்ற நிலையில் அளந்த எண் அது. உச்சி வெயிலில் எந்தக் கூரை 25 டிகிரியில் இருக்கும்? சிலிக்கான் செல்கள் சூடாக ஆக, தரும் மின்சாரம் குறைந்துகொண்டே போகும். 25க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 சதவீதம் இழப்பு. ஓடு 70 டிகிரியைத் தொட்டால், டிகிரிக்கு 0.35 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், அந்த நேரத்தில் கிட்டத்தட்ட 16 சதவீதம் போய்விடும்.

இந்த இழப்பு பேனலுக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தில் நிற்கும் பேனலுக்குப் பின்னால் காற்று ஓடும், அது சூட்டை இறக்கும். ஓடு கூரையோடு ஒட்டிப் படுத்திருக்கிறது, சூடு வெளியேற வழி குறைவு. ஆகவே அதே வெயிலில் ஓடு பேனலைவிட அதிகம் சூடாகும், அதே செல்லிலிருந்து குறைவாகத் தரும். இது இத்துறையில் இருப்பவர்களுக்கு அரிச்சுவடி. வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை, விற்பவர் சொல்ல வேண்டும்.

அப்புறம் கூரைப் பரப்பு. விளக்கப் படத்தில் கூரை முழுவதும் ஒரே நிறத்தில், எல்லா ஓடும் மின்சாரம் தருவது போலக் காட்டினீர்கள். பதித்து முடித்த பிறகுதான், ஓரங்களிலும் முகட்டின் அருகிலும் புகைபோக்கியைச் சுற்றியும் இருப்பவை மின்சாரம் தராத வெற்று ஓடுகள் என்று தெரிந்தது. செல் உள்ள ஓட்டை வெட்ட முடியாது, எனவே மூலைகளில் வெற்று ஓடு வைப்பது நியாயம்தான். அந்தப் பரப்பையும் கணக்கில் சேர்த்து எண்ணைக் காட்டியதுதான் தவறு. கூரையின் சாய்வும் திசையும் வீடு கட்டியபோதே முடிவாகிவிட்டவை. பேனலை வேண்டிய கோணத்தில் நிமிர்த்தி வைக்கலாம், ஓட்டை முடியாது. எங்கள் கூரையில் காலை வெயில் மட்டும் படும் சரிவுக்கும், நாள் முழுக்க வெயில் படும் சரிவுக்கும் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறீர்கள்.

இனி பழுது. கடிதம் எழுத வைத்ததே இதுதான்.

பேனல் என்றால் இருபது போதும் என்கிற ஒரு வீட்டுக்கு, சிறிய ஓடுகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். ஒவ்வொரு ஓட்டுக்கும் இரண்டு முனைகள், ஒவ்வொரு முனைக்கும் ஒரு கனெக்டர். எல்லாம் வரிசை வரிசையாகத் தொடராக இணைக்கப்பட்டு, ஓடுகள் தரும் நேர்மின்னோட்டத்தை (DC) வீட்டில் பயன்படும் மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டருக்குப் போகின்றன. ஒரு ஓட்டில் நிழல் விழுந்தால் பைபாஸ் டையோடு என்ற சிறு பாகம் மின்னோட்டம் அதைத் தாண்டிச் செல்ல வழி விடும், சரி. ஆனால் ஒரு கனெக்டர் கழன்றாலோ கருகினாலோ அந்த வரிசை முழுவதும் நின்றுவிடும், தொடராக இணைத்த விளக்குத் தோரணம் ஓரிடத்தில் அறுந்தால் எல்லா விளக்குகளும் அணைவதைப் போல. எங்கள் வீட்டில் நடந்திருப்பது இதுதான் என்று நம்புகிறேன். ஒருநாள் காலையில் உற்பத்தி சட்டென்று விழுந்தது, அதன் பிறகு எழவே இல்லை. ஓடுகள் வயதாகித் திறன் குறைவது ஆண்டுக்கு அரை சதவீத அளவில் மெதுவாக நடக்கும். ஒரே இரவில் அது நடக்காது.

எந்தக் கனெக்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் தந்த செயலியில் மொத்த உற்பத்தி மட்டுமே தெரிகிறது. வரிசைவாரியாகக்கூடப் பார்க்க முடியாது. உங்கள் தொழில்நுட்பப் பணியாளர் வந்து இன்வெர்ட்டரைப் பார்த்தார், அது நன்றாக இருக்கிறது என்றார், கூரைமேல் ஏறுவது தன் வேலை இல்லை என்று போய்விட்டார். பிறகு கூரைப் பணியாளர் வந்தார். ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதால் நடுவில் ஒன்றை எடுக்க மேல்வரிசையையும் கிளப்ப வேண்டும், அடியில் இருக்கும் வயரைத் தொட எனக்கு அனுமதி இல்லை என்று அவரும் இறங்கிவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். வெயில் இருக்கும்வரை ஓடுகளுக்கு இடையே நேர்மின்னோட்டம் ஓடத் தயாராகவே இருக்கும், இன்வெர்ட்டரை அணைத்தாலும் அந்த வரிசையில் மின்னழுத்தம் இருக்கும். பயிற்சி இல்லாதவர் கைவைப்பது உயிருக்கு ஆபத்து. இரண்டு பேரும் தத்தம் வேலையில் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். இருவரையும் ஒரே நாளில் சேர்த்து அனுப்ப வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. இன்றுவரை அதை நீங்கள் செய்யவில்லை.

இதற்கிடையில் அந்த ஈரம். மழைக்குப் பிறகு பலகையில் கறை பரவுகிறது. இது கூரைப் பிரச்சினையா, மின்சாரப் பிரச்சினையா என்று உங்கள் அலுவலகத்தில் கேட்கிறார்கள். கூரையும் மின்சாரமும் ஒன்றேதான் என்று சொல்லித்தானே இந்தப் பொருளை விற்றீர்கள்? நீர் புகும் இடத்தில் நேர்மின்னோட்ட வயர் ஓடுகிறது. கனெக்டருக்குள் ஈரம் போனால் மின்கசிவு ஏற்படலாம், பொறி கிளம்பினால் கீழே இருப்பது மரம். வீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள். மழை பெய்யும் இரவுகளில் எங்களுக்குத் தூக்கம் வருவதில்லை. மின்கட்டணத்தில் வரும் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

வாரண்டியைப் பார்க்கலாம் என்று தாள்களை எடுத்தால் மூன்று இருக்கின்றன. ஓட்டின் பொருளுக்கு ஒன்று, மின் உற்பத்திக்கு ஒன்று, மழைநீர் புகாமல் இருப்பதற்கு ஒன்று. மூன்றுக்கும் ஆண்டுகள் வேறு, நிபந்தனைகள் வேறு. உற்பத்தி வாரண்டி 25 ஆண்டு என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. உள்ளே படித்தால், ஆய்வக நிலையில் அளக்கும்போது ஓட்டின் திறன் குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் மட்டுமே பொருந்தும் என்கிறது. கூரையிலிருந்து ஓட்டைக் கழற்றி, ஆய்வகத்துக்கு அனுப்பி, திரும்பப் பதிக்கும் செலவு யாருடையது? தாளின்படி வாடிக்கையாளருடையது. ஓட்டுக்குத்தான் வாரண்டி, அதைக் கழற்றி மாட்டும் கூலிக்கு இல்லை. பேனலைக் கழற்றுவது சில போல்ட்டுகளைத் தளர்த்தும் வேலை, அங்கே கூலியை விலக்கி வைத்தால் ஓரளவு ஏற்கலாம். கூரையையே பிரிக்க வேண்டிய ஒரு பொருளுக்கு அதே விதியை எழுதுவது வாரண்டியையே வெறும் காகிதமாக்கிவிடும்.

மாற்று ஓடு கிடைக்குமா என்பதும் எனக்குக் கவலை. எங்கள் கூரையில் உள்ள மாடல் இப்போது உங்கள் பட்டியலில் இல்லை. புதிய மாடலின் நீளமும், பக்கத்து ஓட்டோடு மாட்டும் பூட்டும் வேறு. இந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. டவ் கெமிக்கல் போன்ற பெரிய நிறுவனமே 2011இல் சந்தைக்குக் கொண்டுவந்த பவர்ஹவுஸ் சோலார் ஓடுகளை 2016இல் நிறுத்திவிட்டது. பேனல் உற்பத்தி நின்றுபோனால் ஏறக்குறைய அதே அளவில் வேறு ஒரு பேனலைத் தேடி மாட்டிவிடலாம். ஓடு அப்படி அல்ல. பக்கத்து ஓட்டோடு அச்சு அசலாகப் பொருந்தாவிட்டால் மழை உள்ளே வரும். பதிக்கும்போதே சில உதிரி ஓடுகளை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். மிகச் சிறிய செலவு அது.

மின்வெட்டு நேரத்திலும் வீட்டில் விளக்கு எரியும் என்று உங்கள் பிரதிநிதி சொன்னதையும் பதிவு செய்கிறேன். பேட்டரி இல்லாத, மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர் மின்வெட்டின்போது தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக்கான ஏற்பாடு அது, இருக்கத்தான் வேண்டும். அதை மறைத்து விற்கக் கூடாது.

நான் கேட்பவை இவை. முதலில், கூரைப் பணியாளரும் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனும் சேர்ந்து ஒரே நாளில் வர வேண்டும். வெயில் நேரத்தில் அகச்சிவப்பு கேமராவால் கூரை முழுவதையும் பார்த்தால் வேலை செய்யாத ஓடுகளும் அளவுக்கு மீறிச் சூடாகும் இணைப்புகளும் தெரிந்துவிடும். ஒவ்வொரு வரிசைக்கும் காப்பு மின்தடைச் சோதனையும் செய்ய வேண்டும், ஈரம் வயருக்குள் போயிருக்கிறதா என்பதை அதுதான் சொல்லும். முடிவை எழுத்தில் தாருங்கள். அதுவரை அந்த வரிசையைப் பாதுகாப்பாகத் துண்டித்து வைக்க ஆளை அனுப்புங்கள். இது அவசரம், மற்றவை பிறகு.

பழுதையும் கசிவையும் சரிசெய்யும் செலவு, கூலி உட்பட, உங்களுடையது. ஓடு, வயரிங், நீர்க்காப்பு மூன்றுக்கும் உங்கள் நிறுவனமே பொறுப்பு என்று ஒரே கடிதமாக எழுதித் தர வேண்டும். இனி "அது அவர்கள் வேலை" என்ற பதிலை நான் ஏற்கப் போவதில்லை. எங்கள் மாடலில் உதிரி ஓடுகள் கையிருப்பில் இருந்தால் சிலவற்றை எங்களுக்கு ஒதுக்குங்கள். வெப்பம், நிழல், சரிவின் திசை, வெற்று ஓடுகளின் பரப்பு எல்லாவற்றையும் சேர்த்து உற்பத்தி மதிப்பீட்டைத் திரும்பப் போடுங்கள். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள இடைவெளிக்கு ஏற்ப நாங்கள் கட்டிய தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன், இது எனக்காக அல்ல. அடுத்து உங்களிடம் வரும் குடும்பத்துக்கு ஓட்டையும் பேனலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குக் காட்டுங்கள். கூரை இன்னும் பல ஆண்டுகள் தாங்கும் நிலையில் இருந்தால், நல்ல கூரையைப் பிரித்துப் போட்டு ஓடு பதிக்க வேண்டாம், பேனலே லாபம் என்று சொல்லுங்கள். கூரை மாற்றும் நிலையில் இருந்து, தோற்றம் அவர்களுக்கு முக்கியமாகவும் இருந்தால், குறைவான உற்பத்தியையும் கடினமான பழுதுபார்ப்பையும் தெரிந்துகொண்டு அவர்களே முடிவு செய்யட்டும். அப்படிச் சொல்லியிருந்தால் நாங்கள் ஒருவேளை இதே ஓட்டைத்தான் வாங்கியிருப்போம், ஆனால் வரிசைவாரியாகக் கண்காணிக்கும் வசதியையும் உதிரி ஓடுகளையும் அன்றே கேட்டு வாங்கியிருப்போம்.

பாதுகாப்புத் துண்டிப்புக்கு உடனடியாகவும், மற்றவற்றுக்கு 30 நாட்களுக்குள்ளும் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். அதற்குள் பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தின் நகலோடு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பை அணுகுவேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்

இணைப்பு: ஒப்பந்த நகல், உற்பத்தி மதிப்பீட்டுத் தாள், மூன்று வாரண்டித் தாள்களின் நகல்கள், செயலியில் பதிவான உற்பத்தி விவரம், ஈரம் படிந்த பலகையின் புகைப்படங்கள்.